மழை பெஞ்சா கீழ செந்தண்ணி போகுதா? மலை சைட்ல மண் அரிப்பு கண்ட்ரோல் எங்க கோளாறுன்னு கண்டுபிடிக்கற வழி

குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் கிரீன் சர்டிஃபிகேட்டுக்குப் போற லேஅவுட், வில்லா, டவுன்ஷிப் வேலைல சைட் இன்ஜினியரா சூப்பர்வைசரா இருக்கறவங்களுக்குத்தான் இது. கொடைக்கானல் பக்கம் இருக்கறவங்களுக்கும் முக்காவாசி பொருந்தும், அங்கயும் பெரிய மழை அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும்தானே. கூடலூர் பந்தலூர்ன்னா காலண்டர அப்படியே திருப்பிக்கங்க, அங்க ஜூன்ல இருந்து ஆகஸ்ட்.

முதல்ல ஒண்ணு. லீட் என்டின்னா லேஅவுட், டவுன்ஷிப் மாதிரி ஒரு ஏரியாவுக்கே குடுக்கற அமெரிக்க கிரீன் சர்டிஃபிகேட். அதுல இந்த மண் அரிப்பு கண்ட்ரோல் வந்து பாயிண்ட் தர்ற ஐட்டம் கிடையாது, ப்ரீரெக்விசிட், அதாவது கட்டாயம் செய்ய வேண்டியது. செஞ்சா ஒரு பாயிண்ட்டும் வராது, செய்யலேன்னா மொத்த சர்டிஃபிகேட்டும் போச்சு. பாயிண்ட் இல்லாததால ஆபீஸ்ல யாரும் இத கண்டுக்க மாட்டாங்க, கடைசியா ரிவ்யூ கமெண்ட் வரும்போதுதான் "அந்த ஃபோட்டோ எங்கப்பா"ன்னு சைட்டுக்கு ஃபோன் வரும். லீட் வி4 கேக்கறது அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஏஜென்சி இபிஏவோட 2012 கன்ஸ்ட்ரக்‌ஷன் ஜெனரல் பர்மிட், இல்லேன்னா நம்ம ஊர் விதி, ரெண்டுல எது கடுமையோ அது. அந்த "எது கடுமையோ"ங்கற வார்த்தைய நம்ம மலைல ரொம்ப சீரியஸா எடுத்துக்கணும், ஏன்னு வண்டல் குட்டை பத்தி சொல்றப்ப வருது.

இன்னொண்ணு, கீழ எந்த அறிகுறிய படிச்சாலும் இத மனசுல வெச்சுக்கங்க: கலங்கல் தண்ணி எங்க கண்ணுக்குத் தெரியுதோ அங்க கோளாறு இருக்காது. மேல ஏறிப் போகணும். மழைல குடைய புடிச்சுகிட்டு தண்ணி வர்ற வழியிலயே நடந்து போனீங்கன்னா பாதி விடை அங்கயே கிடைச்சிரும், வெயில் வந்தப்பறம் போய் பார்த்தா ஒண்ணும் புரியாது.

அறிகுறி: மழை நின்னு ஒரு மணி நேரம் ஆகியும் கீழ ஓடைல செந்தண்ணி

கீழ ஹட்டிக்காரங்க (படுகர் ஊர்க்காரங்க) வந்து சத்தம் போடறது பெரும்பாலும் இதுக்குத்தான். அவங்க குடிக்கற ஊத்து, கேரட் தோட்டத்துக்கு எடுக்கற தண்ணி எல்லாம் அந்த ஓடைதான், அவங்க கோவத்துல நியாயம் இருக்கு. உடனே எல்லாரும் பண்றது என்னன்னா ஓடைக்கு முன்னாடி நாலு மணல் மூட்டைய அடுக்கறது. அது ஒரு மழைக்குக்கூட தாங்காது.

மேல போங்க. முதல் கேள்வி: இந்தத் தண்ணி நம்ம சைட்டுல விழுந்த மழையா, இல்ல மேல இருந்து நம்ம சைட்டுக்குள்ள வர்ற தண்ணியா? மலைல முக்காவாசி நேரம் ரெண்டாவதுதான். மேல டீ எஸ்டேட் இருக்கும், ரோடு இருக்கும், ரோட்டு கல்வெர்ட்டு நேரா நம்ம வெட்டின இடத்துல கொட்டும். சுத்தமா வர்ற தண்ணி, நம்ம தோண்டிப் போட்ட செம்மண்ணுல ஏறி ஓடி செந்தண்ணியா கீழ போகுது. இதுக்கு மருந்து சைட்டோட மேல் எல்லைல ஒரு தடுப்புக் கால்வாய், அந்தத் தண்ணிய நம்ம மண்ணத் தொடவே விடாம சுத்திக் கொண்டு போய் பழைய ஓடைல விட்டுரணும். வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை இது, பொக்லைன் இறங்கினப்பறம் செஞ்சா ரெட்டிப்பு செலவு.

அந்தக் கால்வாயும் சும்மா மண்ணுல கோடு போட்ட மாதிரி இருந்தா அதுவே அரிச்சுகிட்டு போயிரும். சரிவு ஜாஸ்தியா இருக்கற இடத்துல கல்லு பதிக்கணும், நடுநடுவுல சின்ன கல் தடுப்பு வைக்கணும். தடுப்போட இடைவெளிக்கு கணக்கு ஈஸி: கீழ் தடுப்போட தலையும் மேல் தடுப்போட காலும் ஒரே லெவல்ல இருக்கணும். அரை மீட்டர் உயர தடுப்பு, 10 சதவீத சரிவுன்னா 5 மீட்டருக்கு ஒண்ணு. தடுப்போட நடு ஓரத்த விட தாழ்வா இருக்கணும், இல்லேன்னா தண்ணி ரெண்டு பக்கமும் கரைய அரிச்சுகிட்டு சுத்திப் போயிரும், இத மேஸ்திரிகிட்ட ஒவ்வொரு தடவையும் சொல்லணும், அழகா இருக்கட்டும்னு லெவலா கட்டி வெச்சிருவாங்க.

மேல தண்ணி வரல, நம்ம சைட் மழைதான்னு தெரிஞ்சா, அடுத்த கேள்வி ஒரே நேரத்துல எவ்வளவு இடத்த தோண்டிப் போட்டிருக்கீங்க. பொக்லைன் வாடகை ஓடுதேன்னு எல்லா பிளாட்டையும் ஒரே மூச்சுல வெட்டி வெச்சிட்டு ஆறு மாசம் சும்மா போட்டிருப்பாங்க. பர்மிட் சொல்றது, 14 நாளுக்கு மேல வேலை நடக்காதுன்னு தெரிஞ்ச இடத்த உடனே மூட ஆரம்பிக்கணும், ஆரம்பிச்சு 14 நாளைக்குள்ள முடிக்கணும். மூடறதுன்னா வைக்கோல், கயிறு நார் (தேங்காய் நார்) விரிப்பு, புல்லு, எதுவானாலும் சரி, வெறும் மண்ணு வானத்தப் பார்த்துட்டு இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நீலகிரில கலெக்டர் அனுமதி இல்லாம பொக்லைன் ஜேசிபி இறக்க முடியாதுங்கறது தெரிஞ்சதுதான், அந்த அனுமதி கேக்கறப்பவே பகுதி பகுதியா கேட்டு பிளான் பண்ணிட்டா பாதி பிரச்சினை வராது.

அறிகுறி: சில்ட் ஃபென்ஸ் வயிறு தள்ளி நிக்குது, இல்ல அடியில தண்ணி போகுது

சில்ட் ஃபென்ஸ்னா தண்ணிய வடிய விட்டு மண்ண மட்டும் நிறுத்தற துணி வேலி. முதல்ல துணிய தொட்டுப் பாருங்க. பச்சை ஷேட் நெட்டா? அப்படின்னா அது சில்ட் ஃபென்ஸே இல்ல. நர்சரிக்கு கட்டற வலைய வாங்கி குச்சில கட்டிட்டு ஃபோட்டோ எடுத்து அனுப்பறது நம்ம ஊர்ல சர்வ சாதாரணம், ரிவ்யூ பண்றவங்களுக்கு அது ஒரு பார்வைலயே தெரிஞ்சிரும், மண்ணுக்கும் தெரியும். ஜியோடெக்ஸ்டைல், அதாவது மண் வேலைக்குன்னே வர்ற வடிகட்டித் துணி வேணும்.

துணி சரியா இருந்தா கால பாருங்க. துணியோட அடி 15 சென்டிமீட்டர் ஆழ பள்ளத்துல புதைஞ்சு மேல மண்ணு போட்டு மிதிச்சிருக்கணும். மேல சும்மா தொங்கவிட்டு கல்லு வெச்சிருந்தா தண்ணி அடியில போகத்தான் செய்யும். கம்பு ரெண்டு மீட்டருக்குள்ள ஒண்ணு, துணி கம்புக்கு மேல் சரிவு பக்கம் இருக்கணும், மாத்திக் கட்டினா மண்ணு பாரம் ஏறினதும் துணி கம்பிலிருந்து பிச்சுகிட்டு வந்துரும்.

இதெல்லாம் சரி, ஆனாலும் வயிறு தள்ளுதுன்னா நீங்க ஃபென்ஸ்கிட்ட முடியாத வேலைய கேக்கறீங்க. 100 அடி ஃபென்ஸுக்கு கால் ஏக்கருக்கு மேல தண்ணி வரக் கூடாதுன்னு ஒரு கணக்கு, அது சமவெளிக்கு. 20 சதவீதத்துக்கு மேல சரிவுன்னா ஃபென்ஸுக்கு மேல வெறும் 15 அடி சரிவுதான் இருக்கலாம்னு சொல்வாங்க. நம்ம சைட்ல 20 சதவீதம்னா அது சமதரைன்னு கிரிக்கெட் ஆடுவாங்க. அதனால கீழ எல்லைல ஒரே ஒரு ஃபென்ஸ் போட்டு மொத்த மலையையும் அது தாங்கணும்னு நினைச்சா நடக்காது. மேல இருந்து படி படியா, ஒவ்வொரு பெஞ்ச்லயும் (சரிவுல வெட்டின படி) ஒண்ணு, மட்டக் கோட்டுலயே போகணும். ரெண்டு முனையையும் மேல் பக்கமா வளைச்சு விடுங்க, இல்லேன்னா தண்ணி ஓரமா வழுக்கிட்டு போயிரும். ஓடைக்குக் குறுக்க ஃபென்ஸ் கட்டவே கட்டாதீங்க, ஓடற தண்ணிக்கு கல் தடுப்புதான்.

சேர்ந்த மண்ண எப்ப அள்ளணும்? ஃபென்ஸோட பாதி உயரம் வர்றதுக்கு முன்ன. அள்ளின மண்ண ஃபென்ஸுக்கு அந்தப் பக்கம் கொட்டறவங்கள நானே பார்த்திருக்கேன், என்னத்த சொல்ல.

அறிகுறி: வண்டல் குட்டைல தண்ணி நாள் கணக்கா தெளியவே மாட்டேங்குது

வண்டல் குட்டைன்னா கலங்கல் தண்ணிய தேக்கி மண்ண அடியில தங்க விடற குட்டை. இதுதான் மலைல பெரிய தலைவலி, கொஞ்சம் விரிவா பாக்கலாம்.

நம்ம செம்மண்ணு நல்லா மக்கிப்போன பாறைல இருந்து வந்தது, அதுல களி ஜாஸ்தி. பொடி மணல் ஒரு மீட்டர் இறங்க ரெண்டு நிமிஷம் போதும். 2 மைக்ரான் களி துகள் அதே ஒரு மீட்டர் இறங்க மூணு நாள் எடுக்கும், அதுவும் தண்ணி அசையாம இருந்தா. அதனால குட்டை முழுசா தெளியும்னு எதிர்பார்க்கறது தப்பு, முடிஞ்ச அளவு களி குட்டைக்கே வராம மேல தடுக்கறதுதான் வழி, மறுபடியும் அதே கதைதான், மேல மூடுங்க.

ஆனாலும் குட்டைல பார்க்க வேண்டியது நாலு இருக்கு. தண்ணி உள்ள வர்ற வாயும் வெளிய போற வாயும் பக்கத்து பக்கத்துலயே இருக்கா? அப்படின்னா தண்ணி குட்டைய சுத்திப் பார்க்காமலே குறுக்கு வழியில வெளிய போயிருது. நீளம் அகலத்த மாதிரி ரெண்டு மடங்காவது இருக்கணும், இடம் இல்லேன்னா நடுவுல கயிறு நார் விரிப்ப திரை மாதிரி ரெண்டு மூணு இடத்துல கட்டி தண்ணிய வளைச்சு வளைச்சு விடுங்க. அடுத்து வெளிய போற குழாய் அடியில இருக்கா? பர்மிட்டே சொல்லுது, மேல் தண்ணியத்தான் எடுக்கணும்னு. மிதக்கற குழாய் ஒண்ணு பிவிசில லோக்கல்லயே பண்ணிரலாம், பெரிய வித்தை இல்ல. மூணாவது, கடைசியா எப்ப தூர் வாரினீங்க? பாதி கொள்ளளவாவது எப்பவும் காலியா இருக்கணும்.

நாலாவது, குட்டையோட அளவு. இங்கதான் "எது கடுமையோ" வருது. பர்மிட்டுல ரெண்டு வழி இருக்கு: ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற 24 மணி நேர மழைய தாங்கணும், இல்லேன்னா ஏக்கருக்கு 3,600 கன அடி. எல்லா கன்சல்டன்ட்டும் ரெண்டாவதத்தான் எடுப்பாங்க, கணக்கு போட வேண்டாமே. 3,600 கன அடின்னா 102 கன மீட்டர், ஒரு ஏக்கர்ல பரப்பினா 25 மில்லிமீட்டர் மழை. வடகிழக்கு பருவமழைல குன்னூர்ல 100 மில்லிமீட்டர்ங்கறது ஆச்சரியமா? அப்படி ஒரு நாள் பெஞ்சா ஏக்கருக்கு 400 கன மீட்டர் விழுது, அதுல பாதி மண்ணுக்குள்ள போயிருச்சுன்னு வெச்சாலும் 200, உங்க குட்டை 102. மீதி எங்க போகும், கீழ ஹட்டிக்குத்தான். மழைமானி ரெக்கார்டு வாங்கி முதல் வழில கணக்கு போடுங்க. ஊட்டில 1954ல இருந்தே மண் நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் ஒண்ணு இருக்கு, நம்ம சரிவுக்கும் நம்ம மழைக்கும் பார்த்துப் பார்த்து செஞ்ச வேலை நிறைய அங்க கிடைக்கும், அமெரிக்கா மேனுவல காப்பி அடிக்கறதுக்கு முன்ன ஒரு தடவை போய்ட்டு வாங்க.

அதுக்காக 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல பெஞ்சுதே, அதுக்கும் குட்டை கட்டணுமான்னா இல்ல, அத யாரும் கட்ட முடியாது. ஆனா அந்த மாதிரி மழைல குட்டைக் கரை உடைஞ்சு ஒரே அடியா கீழ இறங்கக் கூடாது, அதனால கரைல கல்லு பதிச்ச ஒரு அவசர வழி கண்டிப்பா இருக்கணும். முடிஞ்சா குட்டைய வெட்டின தரைல வைங்க, நிரப்பின மண்ணுல வைக்காதீங்க.

படிகாரம் போட்டா தெளியுமேன்னு கேப்பாங்க. தெளியும். ஆனா அளவு தப்பினா கீழ ஓடைல மீனு செத்துரும், கெமிக்கல் போடறதுக்கு பர்மிட்டுல தனி கட்டுப்பாடு வேற இருக்கு. டெஸ்ட் பண்ணாம மூட்டைய பிரிக்காதீங்க.

அறிகுறி: கேட்டுக்கு வெளிய ரோடு முழுக்க சேறு

கேட்ல 15 மீட்டராவது 50ல இருந்து 75 எம்எம் ஜல்லி, 15 சென்டிமீட்டர் கனத்துல, அடியில ஜியோடெக்ஸ்டைல். துணி இல்லாம போட்டா ரெண்டே வாரத்துல ஜல்லி சேத்துக்குள்ள போயிரும். ரோட்டுல ஒட்டின மண்ண அன்னைக்கு வேலை முடியறதுக்குள்ள கூட்டி அள்ளணும், டேங்கர் தண்ணி அடிச்சு கழுவக் கூடாது, கழுவினா அது நேரா ரோட்டு ஓர டிரெயின்ல போய் அடுத்த வளைவுல வெளிய வரும். நம்ம பக்கம் கேட்டு பெரும்பாலும் சரிவுலதான் இருக்கும், சைட் தண்ணி ஜல்லி மேல ஓடி வந்தா எந்த ஜல்லியும் நிக்காது, கேட்டுக்கு முன்னாடி ரோட்டுக்கு குறுக்க ஒரு மேடு போட்டு தண்ணிய ஓரமா திருப்பி விடுங்க.

அறிகுறி: வெட்டின சரிவுல கோடு கோடா வாய்க்கால், இல்ல உச்சில வெடிப்பு

ரெண்டும் வேற வேற. குழப்பிக்காதீங்க.

சரிவு முகத்துல விரல் அகலத்துல கோடு கோடா இறங்குதுன்னா அது அரிப்பு, மேல இருந்து வர்ற தண்ணிய திருப்பிட்டு, முகத்த கொஞ்சம் சொரசொரப்பா கீறி விட்டு, விதை தூவி, கயிறு நார் விரிப்பு போடுங்க. பொள்ளாச்சி பக்கத்துல இருக்கறதால தேங்காய் நார் விரிப்பு கிடைக்கறது நமக்கு கஷ்டமே இல்ல, 400, 700, 900 ஜிஎஸ்எம்னு (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்ங்கற கணக்கு) வரும், சரிவு கூடக்கூட கனமானத எடுங்க. விரிப்பு மண்ணோட ஒட்டிக் கிடக்கணும், தூக்கிகிட்டு கூடாரம் மாதிரி நின்னா அடியில தண்ணி ஓடி எல்லாத்தையும் வழிச்சுகிட்டு போயிரும். மேல் முனைய பள்ளம் தோண்டி புதைச்சே ஆகணும்.

உச்சில வளைவா ஒரு வெடிப்பு, மரம் லேசா சாஞ்சிருக்கு, சரிவோட அடி உப்பி வருது, இல்லாத இடத்துல புதுசா ஊத்து கிளம்புது, தடுப்புச் சுவர் வயிறு தள்ளுது, இதுல எது தெரிஞ்சாலும் அது அரிப்பு இல்ல, சரிவு மொத்தமா நகரப் பார்க்குது. கம்ப்ளையன்ஸ் பத்தியெல்லாம் அப்புறம். கீழ வேலை செய்யற ஆளுங்கள உடனே வெளிய எடுங்க, லேபர் ஷெட்டு கீழ இருந்தா அதையும் காலி பண்ணுங்க, கீழ வீடு இருந்தா சொல்லுங்க, மாவட்ட பேரிடர் கண்ட்ரோல் ரூம் நம்பர் 1077க்கு அடிங்க. வெடிப்புல மழைத் தண்ணி இறங்காம தார்ப்பாய் போடறது பாதுகாப்பா முடிஞ்சா மட்டும். 2009 நவம்பர்ல குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் மண் சரிஞ்சதுல 40 பேருக்கு மேல செத்தாங்க, அத பார்த்தவங்க யாருக்கும் இத விளக்க வேண்டியதில்ல. அப்புறம் ஜியோடெக்னிக்கல் ஆள் (மண், பாறை உறுதிய பாக்கற இன்ஜினியர்) வந்து பார்த்து சொல்ற வரைக்கும் அடியில ஒரு கூடை மண்ணு எடுக்கக் கூடாது. தடுப்புச் சுவர்ல வீப் ஹோல், அதாவது பின்னாடி தேங்கற தண்ணி வடியற ஓட்டை, அடைச்சிருக்கான்னு மழைக்கு முன்னாடியே கம்பி விட்டு பாத்து வைங்க, அஞ்சு நிமிஷ வேலை.

அறிகுறி: புல்லு புடிக்கவே மாட்டேங்குது

மேல்மண்ணு எங்க போச்சுன்னு கேளுங்க. முதல் நாளே மேல்மண்ண தனியா உரிச்சு குவிச்சு மூடி வெச்சிருந்தா இப்ப அத பரப்பலாம், அடிமண்ணோட கலந்து நிரப்புக்கு போட்டிருந்தா அந்த செங்கல் மாதிரி இருக்கற மண்ணுல எதுவும் வராது. ரெண்டாவது, எந்த மாசத்துல தூவினீங்கன்னு பாருங்க. டிசம்பர் ஜனவரில ஊட்டி பக்கம் உறைபனி விழும், அப்ப தூவின விதை எல்லாம் வீண், வெட்டிவேர்கூட அந்தக் குளிர்ல தூங்கிரும், குன்னூருக்கு கீழ எறங்க எறங்க நல்லா வரும். பெரிய மழைல தூவினாலும் கழுவிட்டு போயிரும், மழை உச்சத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி வேர் புடிச்சிருக்கணும். சீக்கிரம் வரும்னு வாட்டில், ஸ்காட்ச் புரூம், உண்ணிச் செடியெல்லாம் நடாதீங்க, காட்டுக்குள்ள பரவி ஏற்கனவே சோலையையும் புல்வெளியையும் தின்னுட்டு இருக்கு, கிரீன் ப்ராஜெக்ட்னு பேர வெச்சுகிட்டு அதையே நடறது அசிங்கம்.

அறிகுறி: சைட்ல எல்லாம் சரியா இருக்கு, ஆனா ரிவ்யூல திரும்பி வருது

பிளான்ங்கற பேர்ல ஒரே ஒரு டிராயிங் அனுப்பியிருப்பீங்க. மலை சைட்ல வெட்டும் நிரப்பும் மாசத்துக்கு மாசம் மாறும்போது தண்ணி போற வழியும் மாறும், அதனால ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி டிராயிங் வேணும், தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு அம்பு போட்டு. இன்ஸ்பெக்‌ஷன் 7 நாளுக்கு ஒரு தடவை, இல்லேன்னா 14 நாளுக்கு ஒரு தடவையும் கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டர் சொச்சம் மழை பெஞ்சா 24 மணி நேரத்துக்குள்ளயும். நம்ம ஊர்ல சீசன்ல தினமும் அவ்வளவு பெய்யும், ரெண்டாவது வழிய எடுத்தீங்கன்னா தினமும் ரிப்போர்ட் எழுதணும், பேசாம 7 நாள் வழிய எடுங்க. மழைமானி எப்படியும் ஒண்ணு வாங்கி சைட்லயே வைங்க.

ஃபோட்டோல தேதி, இடம், எந்த ஃபென்ஸ், எந்த குட்டைன்னு டிராயிங்ல இருக்கற நம்பர் இருக்கணும். எல்லா ஃபோட்டோவும் பளபளன்னு வெயில்ல எடுத்ததா இருந்தா யாரும் நம்ப மாட்டாங்க. உடைஞ்சுது, சரி பண்ணோம்னு ரெண்டு ஃபோட்டோவும் இருக்கறதுதான் நல்ல ரெக்கார்டு, புதுசா எதாவது போட வேண்டி வந்தா கண்டுபிடிச்ச 7 நாளைக்குள்ள போட்டாச்சுன்னு தெரியணும். ஹாக்கா (மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையம்) அனுமதிக்கு குடுத்த டிராயிங்கும் இதுவும் ஒத்துப் போகுதான்னு பாருங்க, சரிவு கணக்கு ரெண்டுலயும் வேற வேறயா இருந்தா ரெண்டு பக்கமும் மாட்டுவீங்க.

அறிகுறி: நம்ம வேலை முடிஞ்சுது, பிளாட் வாங்கினவங்க மண்ண டிரெயின்ல கொட்டறாங்க

தனி கட்டடத்துக்கு இந்தத் தொல்லை இல்ல, லேஅவுட்டுக்கு மட்டும்தான். ரோடு டிரெயின் எல்லாம் போட்டு முடிச்சு கண்ட்ராக்டர் போயிட்டார், இப்ப ஒவ்வொரு பிளாட்லயும் ஒவ்வொருத்தர் அவங்க அவங்க மேஸ்திரிய வெச்சு தோண்டறாங்க. லீட் என்டி ப்ராஜெக்ட்ல வர்ற எல்லா புது கட்டுமானத்துக்கும் பிளான் இருக்கணும்னுதான் சொல்லுது, "அது வாங்கினவர் பாடு"ன்னு கை கழுவ முடியாது. வாங்கறவர்கிட்ட தனி டெபாசிட் வாங்கி வெச்சு, கிரய ஒப்பந்தத்துலயே ஒரு பக்கம் சேத்துருங்க: ஃபென்ஸ் எங்க, மண்ணு எங்க குவிக்கணும், எந்த மாசத்துல தோண்டக் கூடாது, டிரெயின்ல மண்ணு விழுந்தா யார் செலவுல அள்றது. தமிழ்ல எழுதுங்க, அந்த மேஸ்திரி படிக்கணும். பொதுக் குட்டைய கண்ட்ராக்டர் போறப்ப மூடிட்டு போக விடாதீங்க, கடைசி பிளாட் கட்டி முடிஞ்சு, சுத்தி இருக்கற இயற்கை புல்லுல 70 சதவீத அடர்த்திக்கு எல்லா வெறும் மண்ணும் மூடின அப்புறம்தான் குட்டையையும் ஃபென்ஸையும் எடுக்கணும். ஃபென்ஸ எடுத்தா அதுல சேர்ந்த மண்ண முதல்ல அள்ளிட்டு எடுங்க, பள்ளத்த மூடி அந்தக் கோட்டுலயும் புல்லு போடுங்க.